கடைவீதியில் நான் கழற்றிய மரக்கை

1. கையில் கொடுத்த கோல்

நகரசபையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஓவர்சியர் சபாபதி என்னை ஒரு மேசைக்கு முன்னால் உட்காரவைத்துப் பேனாவைக் கையில் கொடுப்பார் என்று நம்பிப் போனேன். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு, சட்டைப் பையில் மை ஒற்றும் காகிதம் வேறு. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூலையில் சாத்தியிருந்த ஒரு மூங்கில் கோலை எடுத்துக் கொடுத்தார். பத்தடிக் கோல். அடிக்கு ஒரு வளையமாகத் தார் பூசியிருந்தது.

"நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருக்கறனுங்க" என்றேன்.

"அதனாலதானப்பா கோல் குடுக்கறேன். பெயிலாயிருந்தா ஏணியக் குடுத்திருப்பேன்" என்றார்.

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்தின கதை இது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எங்கள் ஊர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "எங்க தாத்தன் கடைப் பலகையத்தான சொல்றீங்க?" என்று இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

நான் சேர்வதற்கு ஒரு மாதம் முன்பு, வைக்கோல் பாரம் ஏற்றி வந்த வண்டி ஒன்று காபி கிளப்பின் தகரப் பலகையில் மாட்டிக்கொண்டது. பலகை பிய்ந்து மாட்டின் முதுகில் விழுந்தது. மாடு மிரண்டு, வண்டியோடு ஜவுளிக் கடைக்குள் புகுந்துவிட்டது. மாட்டுக்கும் காயம், துணிக்கும் காயம். சேர்மனின் மைத்துனருடைய ஜவுளிக் கடை என்பதால் விஷயம் சூடுபிடித்தது. அதுவரை ரிஜிஸ்டருக்குள் தூங்கிக்கொண்டிருந்த விதி எழுந்து உட்கார்ந்தது.

விதி சுருக்கமானது. தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டு தொங்கும் எந்த விளம்பரமும் தரையிலிருந்து பத்தடிக்குக் கீழே இருக்கக்கூடாது. சுவரோடு ஒட்டி அடித்திருந்தால் உயரத்தைப் பற்றிக் கேள்வியில்லை. இவ்வளவுதான். நான் கோலை நிறுத்துவேன். கோல் நுனிக்குக் கீழே பலகை இருந்தால் நோட்டீஸ். ஏழு நாள் தவணை. எட்டாம் நாள் இரண்டு சாட்சி வைத்து, இன்ன பலகையை எடுக்கிறோம் என்று மகஜர் எழுதி, பலகையைக் கழற்றி ஸ்டோரில் சேர்க்க வேண்டும். ஏணி பிடிக்க மாரப்பன் என்று ஒருவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். கழற்றிய பலகையை ஒருபோதும் கீழே போடமாட்டார். மார்போடு அணைத்துக்கொண்டுதான் ஏணியிலிருந்து இறங்குவார்.

2. கப்பிப் பலகை

இன்றைய கடைவீதியில் எல்லாப் பலகையும் ஒரே சாயல். அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது. சோடாக் கடைக்காரர் தன் மனைவியின் பழைய சீலையை மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதில் சுண்ணாம்பால் எழுதியிருப்பார். மழை பெய்தால் சோடா மறைந்து சீலைப் பூ தெரியும். பல் பிடுங்குகிறவர் தகரத்தில் ஒரு பல் வெட்டித் தொங்கவிட்டிருந்தார், பூசணிக்காய் அளவுக்கு. கயிற்றுக் கடைக்குப் பலகையே கிடையாது. ஒரு தேர்வடத் துண்டு தொங்கும். அந்தத் தெருவில் காலை வெயில் சாய்வாக விழும்போது, தொங்குகிறவற்றின் நிழல்கள் எல்லாம் எதிர்வரிசைச் சுவரில் ஆடும். எனக்கு இப்போது நினைத்தாலும் அங்கே போய் நிற்க வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அதை ரசிக்கத் தெரியவில்லை. பத்தடிக்குக் கீழே எத்தனை என்றுதான் பார்த்தேன்.

ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சைக்கிள் கடைக்காரருக்கு மூன்று முறை நோட்டீஸ் கொடுத்தேன். மூன்று முறையும் எட்டாம் நாள் போய் அளந்தால் பலகை பதினோரு அடியில் இருந்தது. திரும்பி வரும்போது பார்த்தால் தலையில் இடிக்கிற உயரம். எனக்கானால் ஒன்றும் புரியவில்லை. மாரப்பன்தான் கண்டுபிடித்தார். கடைக்காரர் கிணற்றுக் கப்பி ஒன்றை விட்டத்தில் மாட்டி, கயிற்றைக் கடைக்குள் கட்டி வைத்திருக்கிறார். நாங்கள் தெருமுனையில் தெரிந்ததும் இழுத்துவிடுவார்.

"ஏனுங்க, இது எந்த ஊர் நாயமுங்க?" என்றேன் கோபமாக.

"பத்தடிக்கு மேல இருக்கோணும்னு சொன்னீங்க. எந்நேரமும் இருக்கோணும்னு சொல்லலீங்களே" என்றார் அவர்.

மாரப்பன் சிரித்துச் சிரித்து ஏணியைத் தவறவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வயதில் என் மூக்கின் மேல்தான் கோபம் குடியிருந்தது. படித்த திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. செங்கோட வைத்தியரின் மரக்கை

கடைவீதி முடிந்து வண்டிப்பேட்டை தொடங்கும் இடத்தில் ஒரு ஓட்டு வீடு. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் செங்கோட வைத்தியரின் வீடு. அவர் வாசலில் ஒரு கட்டையை நீட்டி, அதில் சங்கிலி போட்டு மரக்கை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். பூவரச மரத்தில் செதுக்கியது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஓர் ஆள் காலின் நீளம். காவி பூசி, ஐந்து விரலும் விரிந்து கீழே பார்த்தபடி இருக்கும். மோகனூரிலிருந்தும் மல்லசமுத்திரத்திலிருந்தும் கட்டை வண்டியில் வருகிறவர்கள், "மரக்கை தொங்குற ஊடு எதுங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

அளந்தேன். விரல் நுனி ஏழே கால் அடியில் இருந்தது. நோட்டீஸ் கொடுத்தேன்.

எட்டாம் நாள் நாங்கள் ஏணியோடு போனபோது வைத்தியர் யாருக்கோ கட்டில் வைக்க மூங்கில் பத்தை சீவிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கும்பிட்டார்.

"ஏனுங்க சாமி, இதைக் கழட்டித்தான் ஆகோணுங்களா?"

"சட்டமுங்க."

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கை ஒடிஞ்சா ஆசுபத்திரிக்குப் போயிருவாங்க. எங்கிட்ட வாரவங்களுக்கு இதைப் பாத்தாத்தானுங்க ஊடு தெரியும்."

"ஊர் முன்னேறிக்கிட்டிருக்குதுங்க. இன்னமும் கையையும் காலையும் தொங்கவிட்டுக்கிட்டிருந்தா நல்லாவா இருக்குது? பேரை எழுதி ஒரு பலகை அடிங்க. எழுத்து நல்லா இருக்கோணும்னா நானே ஆள் சொல்றேன்."

இங்கே நான் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சட்டம் மரக்கையை வேண்டாம் என்று சொல்லவில்லை. தொங்கவிடாதே என்றுதான் சொன்னது. அதே கையைச் சுவரோடு ஒட்டி நாலு ஆணியில் அடித்திருந்தால் விதிப்படி சரியாகியிருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லவில்லை. மரக்கை என் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்தது. பலகையென்றால் எழுத்து இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தைச் சட்டம் என்று சொல்லி அவர் தலையில் கட்டினேன்.

வைத்தியர் வாதாடவில்லை. மாரப்பன் மரக்கையைக் குழந்தையைத் தூக்குவது போல் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து ஸ்டோரில் வைத்தார். அடுத்த வாரம், 'செங்கோடன், எலும்பு முறிவு வைத்தியர்' என்று நீலத்தில் வெள்ளை எழுத்தோடு பலகை வந்தது. கொம்பும் சுழியும் கணக்காக இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே எழுதின மாதிரி இரண்டு தடவை அந்தப் பக்கம் நடந்து பார்த்துவிட்டு வந்தேன்.

4. வண்டியிலிருந்து ஒரு கேள்வி

பதினைந்து நாள் கழித்து ஒரு சந்தை நாள். சந்தை நாளில் கடைக்காரர்கள் விளம்பரத்தைத் துணிப் படுதாவில் எழுதித் தெருவுக்குக் குறுக்கே கட்டிவிடுவார்கள். அதைப் பிடிக்க நான் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு இரட்டை மாட்டு வண்டி. ஓட்டி வந்தவர் முப்பது வயதுக்காரர். வண்டிக்குள் ஒரு பெண், வலது கையைத் துண்டால் கழுத்தோடு கட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாமி, ஏனுங் சாமி, இங்க மரக்கை தொங்குமாமுங்களே, அது எங்கீங்க? ரண்டு தரம் போயிட்டு வந்துட்டனுங்க, காணலீங்க."

நான் நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னேன். "மரக்கையா? அதெல்லாம் இனிமே கெடையாது. நகரசபையில கழட்டியாச்சு."

அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் படுதாவைப் பார்த்துக்கொண்டே போய்விட்டேன். அந்த இடத்திலிருந்து நீலப் பலகை நூறு அடிகூட இருக்காது. கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். அந்தப் பெண்ணின் கை துண்டுக்குள் இருந்ததைப் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை. அன்று இரண்டு படுதாக்களைப் பிடித்தேன் என்று மகஜரில் பெருமையாக எழுதினேன்.

5. திரும்பாத உள்ளங்கை

இரண்டு மாதம் கழித்து, கோலோடு வண்டிப்பேட்டைப் பக்கம் போகிறேன். வைத்தியர் வீட்டு வாசலில் அதே வண்டி நின்றது. நுகத்தடியில் சாய்ந்து நின்ற ஆள் என்னைக் கண்டதும் தலைத்துண்டை எடுத்துவிட்டு, உள்ளே பார்த்து, "இந்தச் சாமிதானுங்க, இவருதானுங்க சொன்னாரு" என்றார். குரலில் கோபமே இல்லை. அடையாளம் காட்டினார், அவ்வளவுதான்.

வைத்தியர் எட்டிப் பார்த்தார். "உள்ள வாங்க" என்றார்.

வண்டி ஓட்டி வந்தவர் பெயர் நல்லப்பன். மல்லசமுத்திரம் பக்கம் நாலு ஏக்கர் புன்செய். மனைவி பாவாயி வைக்கோல் போரிலிருந்து விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டாள். அன்று சந்தை நாளில் இங்கேதான் கொண்டுவந்திருக்கிறார்.

"அப்பறம் ஏன் வரலீங்க?" என்றேன்.

"நீங்கதானுங்களே சொன்னீங்க, கழட்டியாச்சுன்னு. சர்க்காரே வந்து கையக் கழட்டிட்டுப் போனாங்கன்னா, வைத்தியரையே நிப்பாட்டிப்போட்டாங்கன்னுதான நெனைக்கத் தோணும்? மறுக்கா யாரையாச்சும் கேட்டா நம்ம மேல கேசாகிப்போகுமோன்னு வண்டியத் திருப்பிட்டனுங்க. ஊருல மாட்டுக்குக் கட்டுக் கட்டறவருதான் கட்டிவுட்டாருங்க. வைத்தியர் இருக்கறாருன்னு போன வாரந்தான் ஒறம்பரையா வந்த சொந்தக்காரரு ஒருத்தரு சொன்னாருங்க."

கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தேன்.

"அம்மிணி, கையத் திருப்பிக் காட்டு" என்றார் வைத்தியர்.

பாவாயி வலது கையை நீட்டினாள். உள்ளங்கை தரையைப் பார்த்தே இருந்தது. திருப்பப் பார்த்தாள். முழங்கையும் தோளும்தான் திரும்பின. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது.

"சோத்தை அள்ளி வாய்க்குக் கொண்டாற முடியலீங்க. அதுகூடத் தொலையுது, கரண்டியில தின்னுக்கறேன். மாரியாத்தா நோம்பியில பூசாரி திருநீறு குடுத்தாருங்க. சோத்தாங்கையை ஏந்த முடியல. பீச்சாங்கையை நீட்டுனேன். கூட்டத்துல எல்லாரும் பாக்க, போட மாட்டேன்னுட்டாருங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. "தப்பு என்னுதுங்க" என்றேன்.

வைத்தியர் என்னைத் திட்டியிருக்கலாம். அவர் தொழிலைத்தான் பேசினார். "ரண்டு மாசந்தான் ஆச்சு. ஏழு நாளைக்கு எண்ணெய் ஊத்தி ஒத்தடம் குடுத்துப்போட்டு, கூடுன எடத்துல ஒடிச்சு மறுக்காக் கட்டோணும். தோளையும் முழங்கையையும் அசையாமப் புடிக்க ஆளு வேணும். இவ புருசனுக்கு இப்பவே கை நடுங்குது. நீங்க கோலை ஆடாம நிறுத்தறவரு. எட்டாம் நாளு வந்துருங்க."

நோட்டீஸ் கொடுக்கும்போது நான் சொல்கிற அதே 'எட்டாம் நாள்'. அவர் அதை நினைத்துச் சொல்லவில்லை என்றுதான் நம்புகிறேன்.

6. எந்த ஃபாரத்தில் எழுதுவது

அந்த ஏழு நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஓவர்சியரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். மரக்கையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன்.

"கழட்டறதுக்கு ஃபாரம் இருக்குது. கழட்டினதை மாட்டறதுக்கு நம்ம ஆபீஸ்ல ஃபாரம் இல்லியேப்பா" என்றார் சபாபதி.

"சுவரோட ஒட்டி அடிச்சா விதிப்படி சரிதானுங்க. அதை நான் அவருகிட்டச் சொல்லலீங்க. தெரிஞ்சே சொல்லலீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. உன் வேலைக்கு ஆபத்து வந்தா எங்கிட்ட அழாத."

எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. அந்த வருஷம் நிரந்தரம் பண்ணவும் இல்லை. மாரப்பன் ஸ்டோரிலிருந்து மரக்கையைத் தேடி எடுத்து, ஒட்டடை தட்டி, வைத்தியர் வீட்டு முன்சுவரில் நீலப் பலகைக்குப் பக்கத்திலேயே இரும்புப் பட்டை போட்டு அறைந்தார். விரல்கள் இப்போது மேலே பார்த்தன. வைத்தியர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். அவ்வளவுதான் அவர் என்னைக் கேட்ட கேள்வி.

7. எட்டாம் நாள்

வைத்தியர் உளுத்தம் மாவையும் முட்டை வெள்ளைக் கருவையும் குழைத்துத் தயாராக வைத்திருந்தார். துணிக் கிழிசல், மூங்கில் பத்தை எல்லாம் வரிசையாக இருந்தன. பாவாயியின் வாயில் துண்டைச் சுருட்டி வைத்தார்கள். நான் பின்னால் மண்டியிட்டு அவள் தோளை என் மார்போடு சேர்த்துப் பிடித்தேன்.

"புடிங்க சாமி, பரவால்லீங்க" என்றார் நல்லப்பன். சொல்லிவிட்டு வெளியே போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வைத்தியர் இரண்டு கைகளாலும் முன்கையைப் பிடித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். "அம்மிணி, உங்கூட்டு எருமை இப்ப எத்தனாம் ஈத்து?" அவள் பதில் சொல்லத் துண்டைத் தளர்த்தப் போனாள். அந்த நொடியில் ஒடித்தார். காய்ந்த துவரை மார் ஒடிகிற சத்தம். அவள் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. தலை என் தோளில் வந்து இடித்தது. அவள் கத்தவில்லை. கத்தினது நான்.

"அட, சும்மா இருங்க" என்று அதட்டினார் வைத்தியர்.

கட்டு முடிகிற வரைக்கும் பிடித்திருந்தேன். அவள் நெற்றி வியர்வையும் என் கண்ணீரும் சட்டையில் ஒன்றாகிப்போயின. அதற்குப் பிறகு முப்பது வருஷம் நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். நூற்றுக்கணக்கில் பலகை கழற்றியிருக்கிறேன். கழற்ற வேண்டியவை கழற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் நோட்டீஸ் எழுதுவதற்கு முன்னால், அந்தப் பலகைக்கு எதிரே ஒரு சந்தை நாள் முழுக்க நின்று, யார் அதைத் தேடி வருகிறார்கள் என்று பார்க்காமல் எழுதினதில்லை. எடு என்று எழுதினால், எப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அதிலேயே எழுதினேன். தெருவில் யார் எதைக் கேட்டாலும் நின்று, அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இந்த மூன்றுதான். புத்திசாலித்தனத்தால் கற்றுக்கொண்டவை அல்ல.

கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு வைத்தியர் எனக்கும் ஆள் அனுப்பியிருந்தார். பத்தைகளை எடுத்து, எண்ணெய் விட்டு நீவினார். கை வெளுத்து, மெலிந்து, மற்றக் கையைவிடச் சின்னதாகத் தெரிந்தது. சாமி படத்தின் கீழிருந்த திருநீற்றுத் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"போடுங்க. கை வாங்குதான்னு பாப்போம்."

பாவாயி வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மெல்ல மெல்லத் திரும்பியது. முக்கால் வந்து, அதற்கு மேல் திரும்பாமல் சாய்வாக நின்றுவிட்டது. நல்லப்பன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானுங்க வருது" என்றாள்.

ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன். சாய்ந்த கையிலிருந்து வழிந்து தரையில் கொட்டியது. "பாதி கொட்டிருச்சுங்களே" என்றேன்.

அவள் விரல்களை மடக்கிக்கொண்டு, அதே கையால் நெற்றியில் இட்டாள்.

"பாதி நின்னுதுங்களே, சாமி" என்றாள்.

அது அவள் மனசு. தரையில் கிடந்த பாதி நான் செய்தது.